மலைக்குப் போன பூதம்

“மலைக்குப் போனவர்கள் ஒருவரும் திரும்பி வரவில்லை” என்று வாசித்துவிட்டு நிறுத்தினேன்.

வேண்டுமென்றே நிறுத்தியதுதான். கவிதை வாசித்துப் பழகியவர்களுக்கு இந்தக் கெட்ட வழக்கம் உண்டு. நல்ல வரி ஒன்று வாயை விட்டுப் போனதும், அது எங்கே போய் விழுகிறது என்று காது கொடுத்துக்கொண்டு நிற்போம்.

தகரக் கூரையில் மழை பொரி வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே நீளப் பாயில் பதினாறு பிள்ளைகள். நனைந்த கம்பளிச் சட்டை வாசமும் அவித்த கடலை வாசமும் சேர்ந்து புழுங்கும் சின்ன அறை. தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவை ஒட்டிக் கட்டிய பாலர் பாடசாலை அது. தொட்டில் பிள்ளைகள் அந்தப் பக்கம், நாலைந்து வயதுக்காரர்கள் இந்தப் பக்கம், நடுவில் ஒரு பலகைத் தட்டி.

என் கையில் விரித்துப் பிடித்த படப் புத்தகம். பக்கம் முழுக்கப் பூதம். அந்திச் சிவப்பு கருக்கப் போகும் நேரத்து ஊதா நிறம். கால் கட்டைவிரல் மட்டுமே ஒரு பலாப்பழம் இருக்கும். தலைக்கு மேலே முகில், காலுக்குக் கீழே மலை. வரைந்தவர் யாரோ, அவர் கையில் சர்க்கரை போடலாம். அந்தப் படத்துக்காகத்தான் புத்தகத்தையே வாங்கினேன்.

முன்வரிசையில் யது இருந்தாள். முழுப்பெயர் யதுஷிகா. நாலரை வயது. இரண்டு சடை, அதில் ஒரு ரிப்பன் எப்போதும் அவிழ்ந்து தோளில் கிடக்கும். அவள் பூதத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

“எங்கம்மா மலைக்குத்தான் போயிருக்காங்க” என்றாள்.

“எங்கம்மாவுந்தான்” என்றது பக்கத்துக் குரல்.

“எங்கம்மா, சின்னம்மா, ரெண்டு பேருமே.”

பிறகு நடந்தது ஒழுங்கான மழை மாதிரி. முதலில் ஒரு துளி, அப்புறம் அங்கொன்று இங்கொன்று, அப்புறம் எது யாருடையது என்று பிரிக்க முடியாத ஒரே சத்தம். தட்டிக்கு அந்தப் பக்கம் தொட்டில்களும் சேர்ந்துகொண்டன.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் நிமிஷத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. வரி வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

வசந்தி டீச்சர் வந்து புத்தகத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடினார். “சேர், இந்தப் புள்ளைங்க அம்மா எல்லாம் இப்ப மலையிலதான் நிக்கிறாங்க” என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

நான் மணியைப் பார்த்தேன். பதினொரு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று டிரைவருக்கே தெரியாது. “அடுத்த வியாழக்கிழமை வேற நல்ல புத்தகமா கொண்டாறேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கதையில் இன்னும் நாலு பக்கம் மிச்சமிருந்தது.

நம்பர் போட்ட மலை

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்த ஆவியை விரலால் துடைத்தபோதுதான் மண்டையில் உறைத்தது. வெளியே பச்சை மேடு. நடுவில் ஒரு தகரப் பலகை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரு நம்பர்.

அகராதியில் மலை என்றால் உயரமான ஒரு நிலம். எங்களுக்கு அது வேலை செய்யும் இடம். தேயிலை நிற்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு மலை. அஞ்சாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை. “மலைக்குப் போயிட்டாங்க” என்றால் கொழுந்து எடுக்கப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். தரை சப்பையாக இருந்தாலும் அது மலைதான். பேர் விழும் இடம் அது. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதற்கு ஒரு நாள் சம்பளம். பிந்திப் போனால் அரைப் பேர்.

நான் பிறந்ததும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில்தான். என் அம்மாவும் மலைக்குப் போனவர்தான். அப்படியிருக்க எப்படி மறந்தேன்?

இருபது சொச்ச வருஷமாக ஹட்டன் நகரத்தில் ஒரு மாடி அறையிலிருந்து மலையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வசனங்களில் மலை முகில் உடுத்தும், மௌனம் காக்கும், சில சமயம் பெருமூச்சுக்கூட விடும். எழுதி எழுதி அதன் நம்பரைக் கழற்றிவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பதினாறு பேரும் கேட்டது ஒரு கதையின் நாலாம் பக்கத்தை அல்ல. உங்கள் அம்மா வேலையிலிருந்து வரமாட்டாள் என்று ஓர் ஆள், தாடியும் கண்ணாடியுமாக வந்து, நல்ல குரலில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டான்.

பிள்ளைகள் பூதத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் இல்லை. கைத்தொலைபேசியில் எத்தனையோ பூதம் பார்க்கிறார்கள். அதை விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் போய்விடும். இந்தப் பூதத்தின் பக்கத்தை நான் அல்லவா பிடித்துக்கொண்டிருந்தேன்.

கருவாட்டு வாசனையில் பாதிக் கதை

இதில் எனக்கு இன்னொரு குற்றவுணர்வும் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் காம்பராவில் புத்தகம் என்று ஒன்று இருந்ததில்லை. ஆனால் வாசிப்பு இருந்தது. கடைச் சாமான் சுற்றி வரும் பத்திரிகைக் கடதாசி. கருவாடு சுற்றியது, சீனி சுற்றியது, வெல்லம் சுற்றியது. அம்மா பிரித்துக் கொட்டியதும் நான் கடதாசியை நீவிவிட்டு வாசிப்பேன். ஞாயிறு மலரின் சிறுவர் பக்கம் வந்தால் அதிர்ஷ்டம்.

ஆனால் கடைக்காரர் கதையின் முடிவைப் பார்த்துக் கிழிப்பதில்லை. ஒரு நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும், அதோடு கடதாசி முடிந்துவிடும். ஓர் இளவரசி கதவைத் திறப்பாள், அங்கே எண்ணெய்க் கறை. அந்தக் கிணற்றுக்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

“ஒங்க காலுல சக்கரந்தான்” என்று என் மனைவி சொல்வார். டியூசன் மாஸ்டர், காப்புறுதி முகவர், அச்சகத்தில் பிழை திருத்துபவர் என்று எதிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்காதவன். எழுதத் தொடங்கியதில் பாதி இன்னும் பாதியாகவே கிடக்கிறது. அந்தக் கருவாட்டுக் கடதாசிகள்தான் என்னைக் கெடுத்தன என்று ஒரு சாட்டுச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பாதிக் கதையின் அரிப்பு எப்படியிருக்கும் என்று தெரிந்த நான், பதினாறு பேருக்குப் பாதிக் கதையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நானாவின் பின்பக்க அலமாரி

கினிகத்தேனையில் ஒரு புத்தகக் கடை. முன்பக்கம் கொப்பியும் பேனையும் பள்ளிக்கூட பேக்கும் தொங்கும். பின்பக்கம், பிளாஸ்டிக் பூக்களுக்குப் பக்கத்தில், ஓர் அலமாரி நிறையப் படப் புத்தகங்கள். ஹட்டனில் கடை இல்லாமலில்லை. ஆனால் இந்தக் கடை முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடும் பெரியவர், என்னைத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துப் பார்க்க விடுவார். சாமான் வாங்க வந்தவர்கள் பார்த்துச் சிரித்தால், “அவர் சின்ன வகுப்பு பெயில்” என்பார்.

வசந்தி டீச்சர் ஒரு நாள் பஸ்ஸில் என்னைப் பிடித்து, “சேர் கவிதை எல்லாம் எழுதுறீங்கதானே, எங்க புள்ளைகளுக்கு வந்து ஏதாச்சும் வாசிங்களேன்” என்று கேட்ட நாளிலிருந்து எனக்கு அந்த அலமாரிதான் பள்ளிக்கூடம். அதற்கு முன் நான் நினைத்திருந்தேன், நாலு வயதுப் பிள்ளைக்குப் புத்தகம் தெரிந்தெடுப்பது அரை நிமிஷ வேலை என்று.

முதல் புத்தகம் தோற்றது எழுத்தால். பக்கத்துக்குப் பதினொரு வரி. நான் வாசித்து முடிப்பதற்குள் இரண்டு பேர் தூங்கி, ஒருவன் என் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போயிருந்தான்.

இரண்டாவது தோற்றது தாளால். பளபளப்பான தாள். நான் பிடித்த பக்கமெல்லாம் ஜன்னல் வெளிச்சம் விழுந்து, பிள்ளைகளுக்குத் தெரிந்தது அவர்கள் முகம்தான். நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அது ஒரு வகையில் நல்ல புத்தகம்.

கடலைப் பற்றிய புத்தகத்தை நீலத்துக்காகவே எடுத்துப் போனேன். ஒரு சின்னவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, “மாமா, இது எந்தத் தோட்டம்?” என்று கேட்டாள். ஒரு தேனீயும் பூவும் சிநேகமாகும் கதையை விரித்ததும், “ஐயோ குளவி!” என்று பதினாறு பேரும் தலையைக் கையால் மூடிக்கொண்டு பாயில் குப்புற விழுந்தார்கள். மலையில் குளவி கிளம்பினால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவர்கள் அம்மாமார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தேனீ பாவம், பூவிடம் பேச வந்த வார்த்தையைச் சொல்லாமலே பக்கத்துக்குள் நின்றுவிட்டது.

நல்ல படப் புத்தகத்தைப் பக்கம் திருப்பும் இடத்தில் பிடிக்கலாம் என்று ஒரு கண்டுபிடிப்பு வைத்திருந்தேன். திருப்பும் முன் பிள்ளையின் கழுத்து ஓர் அங்குலம் நீள வேண்டும். நீண்டால் வாங்கலாம். பூதப் புத்தகத்தில் என் கழுத்தே இரண்டு அங்குலம் நீண்டது.

அந்த அழுகைக்குப் பிந்திய புதன்கிழமை நானாவிடம் போய் நின்றேன்.

“என்ன சேர், பூதம் சரி வரல்லயா?”

“எல்லாரையும் அழ வச்சிட்டுது நானா.”

“அழுதா நல்ல புக்குதானே? எங்கட மருமகன் படம் பாத்துட்டு அழுதா, நல்ல படம்னு சொல்லுவார்.”

“சாதுவா ஏதாச்சும் எடுங்க நானா. யாரும் எங்கயும் போகாத கதையா.”

அவர் அலமாரியைத் துழாவினார். குளத்தை விட்டு வெளியே வராத ஒரு வாத்து. பழங்களின் நிறம் சொல்லும் ஒரு புத்தகம். ஒரு குடைக்குள் நாலு பூனைக்குட்டி. மூன்றிலும் ஓர் ஆபத்தும் இல்லை. கழுத்து நீளவும் இல்லை. வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பூதத்தைக் கூட்டி வந்த ஆள்

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பாலர் பாடசாலை வாசலில் வசந்தி டீச்சர் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். முகம் சரியில்லை.

“சேர், யதுவோட அம்மா மேல கொழுந்து மடுவத்துல நிக்கிறாங்க. கொழுந்து நிறுத்த கையோட ஒங்களப் பாக்கணும்னாங்க.”

“எதுக்கு?”

“போன வெள்ளிக்கெழமையில இருந்து யது காலையில அம்மாவ விட மாட்டேங்குதாம். இடுப்புல கட்டுற படங்கப் புடிச்சிக்கிட்டு ஒரே அழுகை. ரெண்டு நாள் பெரட்டுக்குப் பிந்தி அரைப் பேர் ஆயிருச்சி. நேத்து போகவே இல்ல. மத்த அம்மாமாரும் சேந்துக்கிட்டாங்க. கத எல்லாம் வேணாம், ஒண்ணாம் வகுப்புக்குப் போறதுக்குள்ள எழுத்தச் சொல்லிக் குடுங்கன்னு.”

பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் எழுதி மலைக்கு அனுப்பும் இடம். அந்த நேரம் யாருக்காகவும் நிற்காது. மடுவம், எடுத்த கொழுந்தைத் தராசில் நிறுக்கும் கொட்டகை.

“அப்ப வியாழக்கிழமை?”

“அதான் சேர் தெரியல்ல” என்றார். கதை நேரத்துக்காக அவர் பிடித்த பிடி எனக்குத் தெரியும். அந்த அரை மணித்தியாலத்தைத் தோட்டத்தில் யாரிடமெல்லாமோ கேட்டு வாங்கியிருந்தார்.

உள்ளே போனேன். என் பையைக் கண்டதும் யது எழுந்து போய்ப் பலகைத் தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். தட்டிக்குக் கீழே இரண்டு சின்னக் கால்கள் மட்டும் தெரிந்தன.

வாத்தை வாசித்தேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். அதைவிடக் கொடுமை ஓர் ஆளுக்கு நடக்கக் கூடாது. பதினைந்து ஜோடிக் கண்ணும் வாத்தைத் தாண்டி என் பைமேல் இருந்தன.

“மாமா, பூதம் உள்ளுக்குள்ளயா இருக்கு?”

“இல்லடா, அத நான் கொண்டாரல்ல.”

“அப்ப மலையிலதான் இருக்கா?”

எதைச் சொன்னாலும் அது ஒரு வீட்டில்தான் போய் விடியும் என்று தெரிந்துவிட்டது. பையில் இல்லையென்றால் மலையில். மூன்று சாதுப் புத்தகத்தாலும் அதை அங்கிருந்து கிளப்ப முடியாது.

அப்போதுதான் புவனா வந்தார். யதுவின் அம்மா. முப்பது வயதுகூட இருக்காது. இடுப்பில் மழைக்குக் கட்டும் படங்கு, தலையில் துண்டு, கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்த விரல்கள். வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“அண்ணே, நீங்கதான் பூதத்தக் கூட்டிக்கிட்டு வந்த ஆளா?”

“மன்னிச்சிருங்க தங்கச்சி. தெரியாம…”

“கூட்டிக்கிட்டு வந்தீங்க சரி. திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போவத் தெரியல்லயே. பஸ்ஸுக்கு நேரமாயிருச்சின்னு நீங்க போயிட்டீங்க, அது எங்க காம்பராவுல வந்து குந்திக்கிச்சி. ராவுல எந்திரிச்சிக் கேக்குது, அம்மா பூதம் தின்னா வலிக்குமான்னு.”

நான் கையிலிருந்த வாத்துப் புத்தகத்தை மூடினேன்.

“நாளைக்கும் இது என் படங்கப் புடிச்சிக்கிட்டு நின்னா நான் என்னா செய்யட்டும்? ஒண்ணும் வேணாம்ணே. நீங்க நல்லாத்தான் வாசிப்பீங்க. டீச்சர் எழுத்தச் சொல்லிக் குடுக்கட்டும்.” திரும்பப் போனவர் நின்றார். “அது சரி, அந்தக் கதையில கடைசியா என்னாதான் ஆச்சி?”

சொன்னேன். பூதம் யாரையும் தின்னவில்லை. அது தனியாக இருந்தது. வந்தவர்களைப் பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தது. அதனால்தான் அவர்கள் திரும்பவில்லை. கடைசியில் எல்லோரையும் தோளில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு இறங்கி வந்தது.

புவனா என்னையே பார்த்தார். “பாட்டா? வேல நேரத்துலயா?”

வசந்தி டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

“எங்க, அந்தப் பொஸ்தகத்தக் குடுங்க. தேத்தண்ணிக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு.”

வசந்தி டீச்சர் அதை அலமாரியின் மேல்தட்டில், பதிவுப் புத்தகங்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார்.

கொழுந்து நிறுத்து முடியல்ல

புவனா படங்கோடு அந்தக் குட்டை நாற்காலியில் உட்கார்ந்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை விரித்தார். பூதத்தைக் கண்டதும் பாய் முழுக்கப் பின்னால் நகர்ந்தது.

“மலைக்குப் போனவர்கள் ஒருவரும் திரும்பி வரவில்லை.” செய்தி வாசிப்பது போல் மளமளவென்று வாசித்தார். என்னைப் போல அந்த இடத்தில் நிறுத்தவில்லை. “ஏன் வரல்ல? சொல்லுங்க பாப்போம், ஏன் வரல்ல?”

பிள்ளைகள் பூதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“கொழுந்து இன்னும் நிறுத்து முடியல்ல. அதான் வரல்ல!”

பாயில் ஒரு மூச்சு இறங்கியது. எனக்கே கேட்டது.

“அப்ப பூதம்?” என்றான் ஒருவன்.

“அதுவா, அது புதுசா வேலைக்கு வந்த ஆளு.” பக்கத்தைத் திருப்பினார். அதில் பூதம் ஒரு மரத்தை வேரோடு பிடுங்கிக் கையில் வைத்திருக்கும். “இந்தா பாருங்க லச்சணத்த. கொழுந்து எடுக்கச் சொன்னா தேயிலைய வேரோட புடுங்கிக்கிட்டு நிக்குது. கண்டாக்கையா வந்தாரு.” குரலைத் தடிப்பாக்கினார். “ஏய்! யாரு ஒன்னயப் பேரு பதிஞ்சது? ரெண்டு எல ஒரு மொட்டுன்னு சொன்னா மரத்தையே கொண்டாந்து நீட்டுற!”

சிரிப்பு வெடித்தது. மலையில் வேலையை மேற்பார்க்கும் அந்தக் கண்டாக்கையாவின் குரல் அவர்களுக்குத் தெரிந்த குரல். தினமும் பெரட்டுக் களத்திலிருந்து கேட்கும் குரல். அதை ஓர் அம்மா பேசிக் காட்டியதில் அவர்களுக்குக் கிடைத்த சந்தோஷம் இருக்கிறதே, அதை எந்தப் படமும் கொடுத்திராது.

அடுத்த பக்கத்தில் பூதம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழும். புத்தகத்தில் அது தனிமைக்காக அழுகிறது. மூன்று வரி, நல்ல வரிகள். புவனா அவற்றைப் பார்த்தார், விட்டுவிட்டார்.

“ஏன் அழுவுது?”

“கண்டாக்கு ஏசுனதுக்கு.”

“பசிக்குது.”

“அட்ட கடிச்சிருச்சி.”

கடைசிக் குரல் பலகைத் தட்டிக்குப் பின்னாலிருந்து வந்தது.

புவனா தலையைத் திருப்பவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “எங்க கடிச்சது?”

“கால்ல. பெரிய வெரல்ல.”

“அடியாத்தா. அப்ப என்னா செய்யலாம்?”

“உப்பு வைக்கணும்.”

“இம்மாம் பெரிய வெரலுக்கு எவ்வளவு உப்பு வேணும்?”

யோசிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் அவிழ்ந்த ரிப்பன் தட்டியின் ஓரத்தில் தெரிந்தது. பிறகு அரை முகம். “ஒரு மூட்ட” என்றாள் யது. நடந்து வந்து அம்மாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டு, ஒரு விரலால் பூதத்தின் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கிள்ளினாள்.

கடைசிப் பக்கம். எல்லோரும் பூதத்தின் தோளில் ஏறி இறங்கி வருகிறார்கள். “அந்திக்கு எல்லாரும் லயத்துக்கு வந்து சேந்துட்டாங்க. பூதந்தான் எல்லார் மூட்டையையும் தூக்கிக்கிட்டு வந்துச்சி.” அந்த ஒரு பக்கத்தில் மட்டும் புத்தகமும் புவனாவும் ஒரே பாதையில் வந்து சந்தித்தார்கள்.

“நாளைக்கும் பூதம் வேலைக்கு வருமா?” என்று யது கேட்டாள்.

“வந்தா பேரு. வராட்டி இல்ல. எல்லாருக்கும் அதான் சட்டம்.” புவனா எழுந்து படங்கை இறுக்கிக் கட்டினார். யதுவின் கை ஒரு முறை அதை நோக்கிப் போனது. பிறகு அவிழ்ந்த ரிப்பனைப் பிடித்துக்கொண்டது.

“போய்ட்டு வாங்கம்மா. அதுக்கிட்ட சொல்லுங்க, ஒழுங்கா எடுக்கணும்னு.”

வாசலில் புவனா என்னைப் பார்த்தார். “பஸ்ஸு போயிருச்சாண்ணே?”

போய்விட்டிருந்தது. நான் கவனிக்கவே இல்லை.

மடுவத்துத் தெரிவு

அதற்குப் பிறகு காலையில் அழுகை இல்லை என்று வசந்தி டீச்சர் சொன்னார். மாலையில் வேறு தொல்லை. பூதம் இன்றைக்கு எத்தனை கிலோ எடுத்தது, யாரிடம் ஏச்சு வாங்கியது, தேத்தண்ணிக்கு ரொட்டி கொண்டுவந்ததா என்று புவனா தினம் ஒரு சேதி கொண்டுபோக வேண்டியிருந்தது. “கொழுந்து எடுக்கறது ஒரு வேல, பூதத்துக்குக் கத கட்டறது ஒரு வேல” என்று சொல்லிக்கொள்வாராம், சிரித்துக்கொண்டே.

நானும் புத்தகம் தெரிந்தெடுக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். நானாவிடமிருந்து ஏழெட்டைப் பார்த்துவிட்டுத் திருப்புகிறேன் என்று கேட்டு வாங்கி, நேரே கொழுந்து மடுவத்துக்குக் கொண்டுபோகிறேன். தராசுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் அம்மாமார் கை மாற்றிப் பார்க்கிறார்கள். ஓரமெல்லாம் கறை படியும். முதல் தடவை நானா கறையைப் பார்த்து முகம் சுளித்தார். அப்புறம், “சேர், கொழுந்துக்காரங்க பாஸ் பண்ணின புக்கு ஒண்ணு எங்கட பேத்திக்கும் வேணும்” என்றார்.

அவர்கள் பார்வைக்கு முன் என் கழுத்துக் கணக்கு நிற்கவில்லை.

“இந்தம்மா என்னா, எல்லாப் பக்கத்துலயும் அடுப்படியிலயே நிக்கிறா? வேலைக்குப் போவ மாட்டாளா?” ஒரு புத்தகம் திரும்பியது.

“இந்தப் புள்ளைக்கு மட்டும் தனியா ஒரு காம்பராவா? அப்ப அப்பாயி எங்க படுக்கும்?” இன்னொன்று திரும்பியது.

“இந்த ஆட்டுக்குட்டி நல்லாருக்குண்ணே. எங்க வீட்டுது மாதிரியே திருட்டு முழி.” அது தேறியது.

போன கிழமை இதே பத்தியில் நான் ஓடிய பஸ்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “இப்போதாவது ஓரிடத்தில் உட்கார்ந்தீர்களா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வியாழக்கிழமைகளில் உட்காருகிறேன். குட்டை நாற்காலி, முழங்கால் காதைத் தொடும். ஆனால் உட்காருகிறேன்.

அப்படியும் ஒரு நாள் பிந்திவிட்டது. வழியில் மண் சரிந்து பாதை அடைத்திருந்தது. நான் ஓடி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அரை மணித்தியாலத்தில் பாதி போய்விட்டது. வாசல்படியில் யது உட்கார்ந்திருந்தாள். மடியில் பூதப் புத்தகம். அட்டை ஓரம் கிழிந்து, கட்டைவிரல் இருந்த இடம் கிள்ளிக் கிள்ளி வெளுத்திருந்தது.

என்னைப் பார்த்துவிட்டு, கண்டாக்கையா போலவே கையைத் திருப்பி, அதில் இல்லாத கடிகாரத்தில் மணி பார்த்தாள்.

“மாமா லேட்டு. இன்னிக்கு ஒங்களுக்கு அரைப் பேருதான்.”

“ஐயோ. அரைப் பேருன்னா பாதிக் கதைதான் வாசிக்கலாமா?”

“ஆமா.”

“அப்ப மீதிக் கதை?”

நான் எத்தனையோ வருஷமாக யார் யாரிடமோ கேட்க நினைத்த கேள்வி அது. யது கொஞ்சம் நகர்ந்து படியில் எனக்கு இடம் விட்டாள். புத்தகத்தை என் பக்கம் பாதியும் தன் பக்கம் பாதியுமாக விரித்து வைத்தாள்.

“நீங்க வாசிங்க” என்றாள். “மீதிய நான் சொல்றேன்.”